மூச்சின் காவலன்

நாம் அயர்ந்து உறங்கும்போதும் மூச்சு ஓய்வதில்லை. நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை அது வந்து போகின்றது. இதனை நடத்துவது மூளையின் அடிப்பாகமாகிய முகுளம். இரவும் பகலும் ஆள் விழித்திருக்கும் ரயில்வே சிக்னல் கேபினைப் போன்றது அது.

அந்தக் கேபினுக்குச் செய்தி வருவது எவ்வாறு? பிராணவாயு குறைவதால்தான் மூச்சு முட்டுகிறது என்று பலரும் எண்ணுவர். உண்மையில் முதலில் எச்சரிப்பது, இரத்தத்தில் சேரும் கரியமிலவாயுவே. 1905-ஆம் ஆண்டில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் அறிஞர்கள் இதனைத் தெளிவுபடுத்தினர். பிராணவாயு வெகுவாகக் குறையும்போது எச்சரிக்கும் சிற்றுறுப்பு கழுத்து இரத்தக் குழாயில் உள்ளது. அதனை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் ஹேமான்ஸ் 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

இதில் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய அபாயம் ஒன்று உண்டு. அம்பர்நாத், பத்லாபூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் விடுமுறையில் உல்லாஸ் நதிக்கு நீராடச் செல்வதுண்டு. நீருக்குள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி எழுந்தால், முன்னதாகப் பலமுறை வேகமாக மூச்சை இழுத்துவிடுவோரும் உளர். இதனால் உடலில் பிராணவாயு அதிகமாகச் சேர்வதில்லை. கரியமிலவாயுவே வெளியேறிக் குறைகின்றது. எனவே, "மேலே வா" என்னும் எச்சரிக்கை தாமதமாகிறது. அதற்குள் பிராணவாயு தீர்ந்து, முன்னறிவிப்பின்றியே மயக்கம் வந்துவிடுகிறது. கரையில் மயங்கியவனுக்கு மூச்சு தானே திரும்பும். நீருக்குள் மயங்கியவன் இழுக்கும் மூச்சிலோ தண்ணீரே புகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறு மாண்டதுண்டு.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த நம் முன்னோர் காலில் கல்லைக் கொண்டு ஆழத்தில் இறங்கினர். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். அக்கயிற்றை மைத்துனனிடமே ஒப்படைப்பர் என்று தென்பாண்டிக் கடற்கரையில் சொல்வதுண்டு. தங்கையின் தாலியைக் காக்க வேண்டியவன் அவனல்லவா? கடலைத் தொழிலாகக் கொண்டவர்களே தனியே மூழ்கத் துணியவில்லை.

ஆகவே, பெற்றோர்களே, மூச்சடக்கும் போட்டி வேண்டாமென்று பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். நீந்தச் செல்வோர் எவரும் தனியே செல்லலாகாது. கரையில் கண்ணிமைக்காது பார்த்திருக்க ஒருவர் வேண்டும். முகுளம் நமக்கு வாய்த்த காவலன். அதன் எச்சரிக்கை மணியை நாமே அடக்கிவிட்டால், பிறகு நம்மைக் காப்பவர் யார்?