மழலையருக்கு ஒரு வானம்

கோளரங்கம் என்பது அரைக்கோளக் கூரையின் உட்புறத்தையே திரையாக்கி வானத்தைக் காட்டும் அரங்கு. கார்ல் சைஸ் நிறுவனத்தில் வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய முதல் கருவி, 1923இல் மியூனிக்கின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. கருவியின் நடுவே எரியும் விளக்கின் ஒளி, மெல்லிய தகட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக வந்து கூரையில் நட்சத்திரங்களாக விழும். இன்று பல அரங்குகளில் அந்த வேலையைக் கணினியும் டிஜிட்டல் புரொஜெக்டரும் செய்கின்றன.

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கான காட்சியில் முதலில் கவனிக்க வேண்டியது இருட்டு. விளக்குகளைச் சட்டென அணைத்தால் அழுகை தொடங்கிவிடும். அதனால் கூரையில் முதலில் சூரியன் மறைகிறது. வானம் சிவந்து, மெல்ல மங்கி, ஒன்றிரண்டு நட்சத்திரங்கள் தெரிந்த பிறகே முழு இரவு வருகிறது. கண்களும் அதற்குள் பழகிவிடும். பார்வைப் பரப்பு முழுவதும் படம் நகரும்போது, உட்கார்ந்திருப்பவருக்குத் தானே நகர்வதாகத் தோன்றும். பெரியவர்களுக்கே தலை சுற்றும் இந்த உணர்வு சிறு பிள்ளைகளை மிரட்டக்கூடும். ஆகவே விண்மீன் கூட்டங்களுக்கு நடுவே பாய்ந்து செல்லும் காட்சிகள் இந்த வயதுக்கு வேண்டாதவை.

இந்த வயதுக்கு ஏற்ற காட்சிக்கு, 2008இல் வெளிவந்த 'ஒன் வேர்ல்ட், ஒன் ஸ்கை' என்ற கோளரங்கக் காட்சி நல்ல எடுத்துக்காட்டு. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர்களும் சிகாகோவின் ஆட்லர் கோளரங்கமும் பெய்ஜிங் கோளரங்கமும் நியூஜெர்சியின் லிபர்ட்டி அறிவியல் மையமும் சேர்ந்து உருவாக்கியது அது. அத்தொடரின் பாத்திரங்களான பிக் பேர்டும் எல்மோவும், சீனாவிலிருந்து வந்த ஹு ஹு ஜுவும் சேர்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்களைக் கண்டு, துருவ நட்சத்திரத்தையும் அறிகிறார்கள். கற்பனையில் நிலவுக்குப் போனவர்களால் அங்கே பட்டம் விட முடியவில்லை, காற்று இல்லாததால்! வளிமண்டலம் என்ற பாடத்தை நான்கு வயதுக்கு இதைவிட எளிதாகச் சொல்வது கடினம்.

பதிவுசெய்த குரலைவிட, எதிரே நின்று பேசும் விளக்குநர் இங்கே மேல். கிழக்கில் சூரியன் எழுந்ததும் அதை நோக்கி விரல் நீட்டச் சொல்கிறார். சூரியன் ஏற ஏறக் கையும் உயர்கிறது. உச்சியைக் கடந்ததும் மேற்கே தாழ்கிறது. ஒரு பகலின் பாதையை உடம்பே வரைந்துவிடுகிறது. தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் ஜூலியா பிளம்மர் நடத்திய ஆய்வில், இப்படிக் கையசைத்துக் கற்ற பின் சூரிய, சந்திர இயக்கத்தை அவர்கள் முன்னைவிடச் சரியாக விவரித்தார்கள்.

பூமி உருண்டை என்பதை விளக்க மட்டும் இந்த அரங்கு ஏற்றதல்ல. உள்ளீடற்ற ஓர் உருண்டைக்குள், தட்டையான தரையில் மனிதர்கள் வாழ்வதாகச் சில குழந்தைகள் எண்ணுகிறார்கள் என்று 1992இல் ஆய்வாளர்கள் வோஸ்னியாடூவும் பிரூவரும் காட்டினர். கவிந்த கூரை அந்த எண்ணத்தையே உறுதிப்படுத்திவிடலாம்.

கோளரங்கம் இல்லாத ஊர்களுக்குக் காற்றடைத்த நடமாடும் கூடாரங்கள் உண்டு. மின்விசிறி காற்றைச் செலுத்தி அவற்றை நிமிர்த்தி வைக்கும்; சிறிய கூடாரங்கள் வகுப்பறைக்குள்ளேயே அடங்கிவிடும்.

குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோர், சீட்டு வாங்கும் முன் காட்சி எந்த வயதினருக்கானது, எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டறிவது அவசியம். பயந்தால் எழுந்து வெளியேற வசதியாக, வாசலருகே உட்காருங்கள்.