ஓட்டுக்குள் ஒரு விருந்து



‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் ‘புதுமை’ என்பது பழைய பொருள். வீட்டிற்குப் புதிதாய் வருபவரையும், அவருக்குப் படைக்கும் உணவையும் அச்சொல் இன்று குறிக்கிறது. நண்டைக் குழம்பாகவும் வறுவலாகவும் இரசமாகவும் உண்பது தமிழகத்து வழக்கம். கோவாவிலோ நண்டின் சதையை எடுத்து, மசாலாவுடன் வதக்கி, அதன் ஓட்டுக்குள்ளேயே நிரப்பிச் சுடுகின்றனர். வீட்டு விருந்தில் முதல் உணவாகப் பரிமாறத்தக்க அப்பண்டத்தைச் செய்யும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

1510 முதல் 1961 வரை கோவா போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்தது. ரொட்டி சுடும் தொழில் அங்கு அவர்களால் வேரூன்றியது. ரொட்டித்தூள் தூவிச் சுடும் இவ்வுணவிலும் அத்தொடர்பைக் காணலாம். நாம் அன்றாடம் வழங்கும் மேசை, சாவி, ஜன்னல், அலமாரி ஆகிய சொற்களும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவையே.

தேர்ந்தெடுத்தல்

ஆறு பேருக்கு நடுத்தர அளவுள்ள ஆறு நண்டுகள் போதும். உயிருள்ள நண்டையே வாங்குதல் வேண்டும். இறந்த நண்டின் உடலில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். அவற்றுள் சில உண்டாக்கும் நஞ்சு சமைத்தாலும் அழியாது. வயிற்றின் அடியில் முட்டைத்திரள் உள்ள நண்டை வாங்காது விடுதல் நன்று. அதனை வாங்குவோர் குறைந்தால், பிடிப்போரும் குறைவர். கடலில் நண்டினம் பெருகும்.

வேகவைத்தல்

பனிக்கட்டிக்குள் அரைமணி நேரம் வைத்தால் நண்டு அசைவற்று மரத்துப்போகும். பின்னர்ப் பெரியவர் ஒருவர் அதனைக் கொதிக்கும் உப்புநீரில் இட்டு, ஏறத்தாழ 15 நிமிடம் வேகவைக்க வேண்டும். அப்போது ஓடு செந்நிறமாக மாறும். அந்நிறம் புதிதாய்த் தோன்றுவதன்று. ஓட்டில் முன்பே உள்ள நிறமியைப் புரதம் ஒன்று பிணைத்து மறைத்திருக்கிறது. சூட்டில் அப்புரதம் சிதைய, செந்நிறம் வெளிப்படுகிறது.

ஆறியபின் மேலோட்டைப் பிரித்து, செவுள்களை நீக்குக. உடலிலும் கொடுக்குகளிலும் உள்ள சதையை எடுத்துத் தட்டில் பரப்பி, விரல் நுனியால் இருமுறை தடவிப் பார்க்க. ஓட்டுச்சில்லு ஒன்று தங்கினாலும் உண்பவர் வாயைக் காயப்படுத்தும். இது நீங்கள் செய்யத்தக்க பணி. இதற்குப் பொறுமை வேண்டும்.

சுடுதல்

நறுக்கிய வெங்காயம் 2, பச்சைமிளகாய் 2, தக்காளி 1, சிறிது இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றை எண்ணெயில் வதக்குக. உப்பு, மிளகுத்தூள், கொத்தமல்லித்தழை, நண்டுச்சதை ஆகியவற்றைச் சேர்த்து நீர் வற்றும்வரை கிளறி, எலுமிச்சைச் சாறு பிழிக. தேய்த்துக் கழுவிய மேலோடுகளில் இதனை நிரப்பி, ரொட்டித்தூளும் சிறிது வெண்ணெயும் இட்டு, 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 நிமிடம் ஓவனில் வைக்க வேண்டும். சதை முன்பே வெந்துவிட்டது. ஆதலின் மேற்பரப்பு பொன்னிறமானால் போதும். நெடுநேரம் விட்டால் சதை உலர்ந்து நார்போல் ஆகிவிடும்.

பரிமாறுமுன்

விருந்தினர் ஒவ்வொருவரையும், “நண்டு, இறால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?” என முன்னரே கேட்டறிதல் வேண்டும். பிடிக்காமை வேறு; ஒவ்வாமை வேறு. ஒவ்வாமை உடையவருக்கு அரிப்பும் உதட்டு வீக்கமும் மூச்சுத்திணறலும் உண்டாகலாம். உயிருக்கே இடர் நேரலாம். ஒவ்வாமை தரும் புரதம் சூட்டில் அழிவதில்லை. நண்டு தொட்ட கரண்டி வேறு உணவில் பட்டாலும் தீங்கு நேரும். எனவே அவர்களுக்கும், மரக்கறி உண்பவர்க்கும் வேறு பாத்திரத்தில் வேறு உணவு செய்து, தனிக்கரண்டியுடன் வைக்க வேண்டும். வந்தவர் அனைவரும் அச்சமின்றி உண்பதே நல்ல விருந்து.

பயிற்சி

1. வெந்த நண்டின் ஓடு செந்நிறமாவது ஏன்?
2. ‘பிடிக்காமை’, ‘ஒவ்வாமை’ ஆகியவற்றின் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. நீங்கள் வாழும் ஊரில் விருந்தினருக்குப் படைக்கும் உணவு ஒன்றன் செய்முறையைப் பத்து வரிகளில் எழுதுக.