இரண்டு வரி கோடு, ஊரெல்லாம் எரர்: ‘இஸ்-ப்ராமிஸ்’ லைப்ரரியில் நடந்தது என்ன?

2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை. ரியாக்ட்டில் புது புராஜெக்ட் தொடங்க உட்கார்ந்த டெவலப்பர்கள் பலருக்கு, கமாண்ட் போட்டதுமே எரர் வந்தது. ஆங்குலர், ஃபயர்பேஸ் கருவிகளிலும் அதே கதை. தேடிப் பார்த்தால், காரணம் ‘இஸ்-ப்ராமிஸ்’ என்ற குட்டி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. அதில் இருப்பதே ஒன்றிரண்டு வரி கோடுதான்!

ப்ராமிஸ் என்றால் என்ன?

பார்சல் கவுண்டரில் பணம் கட்டியதும் பிரியாணி கைக்கு வராது, டோக்கன்தான் வரும். பிறகு ஒன்று பார்சல் வரும், இல்லையென்றால் ‘தீர்ந்துடுச்சு சார்’ என்ற பதில் வரும். சர்வரிடம் டேட்டா கேட்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் தரும் அந்த டோக்கன்தான் ப்ராமிஸ். கணினித் துறையில் இந்தப் பெயர் 1976இலேயே வந்துவிட்டது. இதன் நெருங்கிய உறவான ‘ஃபியூச்சர்’ 1977இல் வந்தது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே ப்ராமிஸ் சேர்ந்தது 2015இல்தான்.

குட்டி லைப்ரரி எதற்கு?

2015க்கு முன்பு கியூ, ப்ளூபேர்ட் என ஆளுக்கொரு ப்ராமிஸ் லைப்ரரி இருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவானது ‘தென்’ என்ற ஃபங்ஷன். கையில் இருக்கும் பொருளில் அது இருக்கிறதா என்று பார்த்து, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்வதே இஸ்-ப்ராமிஸின் வேலை.

அன்று உடைந்தது எது?

அந்தக் கோடு உடையவில்லை. புதிய மாட்யூல் முறைக்கும் வழிசெய்ய 2.2.0 பதிப்பு வெளியானது. அதன் ‘பேக்கேஜ் ஜேசன்’ ஃபைலில் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ அமைப்பு தவறாக எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்த புதிய நோட் ஜேஎஸ் பதிப்புகளால் லைப்ரரியைத் திறக்க முடியவில்லை. அன்றே 2.2.2 வந்து சிக்கல் தீர்ந்தது.

இத்தனை பேர் ஏன் மாட்டினார்கள்?

பலருக்கு இஸ்-ப்ராமிஸ் என்ற பெயரே தெரியாது. அப்போது ரியாக்ட் கருவி ‘இன்குவயரர்’ லைப்ரரியை அழைத்தது, அது ‘ரன்-அசிங்க்’கை அழைத்தது, அது இஸ்-ப்ராமிஸை அழைத்தது. ‘2.1.0 அல்லது அதற்கு அடுத்த 2.x’ என்று எழுதியிருந்தால், என்பிஎம் தானாகவே புதுசை இறக்கிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தளங்களுக்குப் பாதிப்பில்லை. புதிதாக இன்ஸ்டால் செய்தவர்கள்தான் சிக்கினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

* லாக் ஃபைலை கிட்டில் கட்டாயம் சேருங்கள். எந்தப் பதிப்பு என்பதை அது பூட்டி வைக்கும்.

* பில்ட் சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ வேண்டாம். ‘என்பிஎம் சிஐ’ போடுங்கள். லாக் ஃபைலில் உள்ளதை மட்டுமே அது இறக்கும்.

* ஒரு லைப்ரரி யார் வழியாக உள்ளே வந்தது என்று பார்க்க ‘என்பிஎம் எல்எஸ்’ உதவும்.

* ப்ராமிஸா, சாதாரண மதிப்பா என்ற சந்தேகமா? பெரும்பாலும் சோதிக்கவே தேவையில்லை. அசிங்க் ஃபங்ஷனுக்குள் ‘அவெயிட்’ போட்டால் போதும், இரண்டையும் அது ஏற்றுக்கொள்ளும். ஒரு லைப்ரரியும் மிச்சம்.