வெயிலூரில் வளரும் புதினா

கடையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையைக் கிள்ளித் துவையலுக்கு எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது தண்டு. அந்தத் தண்டுதான் நாற்று. திருப்பதியிலும் சித்தூரிலும் மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் அதை மண்ணில் செருகிப் பார்த்தவர்களே. சில நாட்களில் துளிர்க்கும். ஏப்ரல் பிறந்ததும் கருகும். 'இந்த ஊர் வெயிலுக்குப் புதினா ஆகாது' என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

வெயில் கடுமைதான். மலையடிவாரத்தில் இருக்கும் திருப்பதியில் கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். ஆனால், செடியின் சாவுக்கு வெயில் பாதிக் காரணம். தொட்டியும் தண்ணீரும் மீதி.

புதினா ஆழமாக வேர்விடும் செடியல்ல. மண்ணையொட்டிப் பக்கவாட்டில் தண்டுகளை ஓடவிட்டுப் பரவுவது அதன் குணம். ரோஜாவுக்கு வாங்கிய குறுகலான தொட்டியில் அதற்கு இடம் போதாது. ஓரடி அகலமும் முக்காலடி ஆழமும் உள்ள தொட்டி போதும். அடியில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் டப்பும் உதவும். கறுப்புத் தொட்டி வேண்டாம். சூட்டை இழுத்து வேரை அவித்துவிடும். சுடும் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் அடிச்சூடு குறையும், தண்ணீரும் வடியும்.

இப்பகுதியின் செம்மண் காய்ந்தால் இறுகிவிடும். எனவே, செம்மண், மட்கிய எரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சமமாகக் கலக்கலாம். விரல் நீளத் தண்டில் கீழிலைகளை உருவிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். முதல் வாரம் நிழல்; பிறகு காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம். கோடையில் மதிய வெயில் படாத கிழக்குப் பக்கமே பாதுகாப்பு.

தண்ணீரை அளந்து செலவிடும் கோடையில் அரிசி களைந்த நீர் கைகொடுக்கும். மேல்மண்ணை விரலால் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மதியம் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். காலையிலும் துவண்டிருந்தால்தான் தண்ணீர்ப் பஞ்சம். மண் ஈரமாக இருந்தும் துவண்டால் வேர் அழுகுகிறது என்று பொருள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இதே ஆபத்தைக் கொண்டுவரும். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது நினைவிருக்கலாம். அத்தகைய நாட்களில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்திவிட வேண்டும்.

நிலக்கடலை விளையும் மாவட்டத்தில் உரத்துக்கு அலைய வேண்டியதில்லை. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நன்றாக நீர்த்து மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும். இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் புள்ளி தெரிந்தால் அது துரு நோய். அந்தத் தண்டை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளுவதைவிடத் தண்டை மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே அறுப்பது நல்லது. பக்கக் கிளைகள் வெடிக்கும். பூக்கவிட்டால் இலை சிறுக்கும், மணம் குறையும். ஒரே தொட்டியை வாரந்தோறும் மொட்டையடித்தால் எந்தச் செடியும் தாங்காது. இரண்டு, மூன்று தொட்டிகளை முறை வைத்து அறுக்க வேண்டும்.

ஓராண்டில் நடுப்பகுதி வெறுமையாகி, தண்டுகள் விளிம்பில் நெருக்கியடிக்கும். செடிக்கு வயதாகிவிட்டது என்று எறிய வேண்டாம். பிடுங்கிப் பிரித்து, இளந்தண்டுகளைப் புது மண்ணில் நடுங்கள். மழை ஓய்ந்த ஜனவரி அதற்கு ஏற்ற மாதம். ஏப்ரல் வெயில் வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.