படிப்பில் பின்தங்கும் குழந்தை: குறை மொழியிலா, கண்ணிலா?

நெய்யாற்றின்கரை: கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதும் குழந்தைக்கு வகுப்பறையில் பல பெயர்கள் கிடைக்கின்றன. கவனமில்லாதவன், அரட்டை அடிப்பவன், காப்பியடிப்பவன், மந்தமானவன் என்பன அவற்றுள் சில. கேரள - தமிழ்நாடு எல்லையிலுள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிக் கிராமங்களில் இவற்றோடு இன்னொரு விளக்கமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் பேசுவது ஒரு மொழி, பள்ளியில் படிப்பது வேறு மொழி, அதனால்தான் படிப்பு வரவில்லை என்பதே அது. பல குழந்தைகளின் விஷயத்தில் அந்த விளக்கம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது எளிதில் கைக்கு வந்துவிடுவதாலேயே, கண்ணையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்போம் என்ற எண்ணம் தள்ளிப்போகிறது.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழர் தரப்பு கோரிய பகுதிகளுள் ஒன்றான நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. நிலத்தில் கோடு விழுந்ததே தவிர, மக்களின் பேச்சு பிரியவில்லை. பாறசாலையில் தமிழும், எல்லைக்கு அப்பால் களியக்காவிளையில் மலையாளமும் இன்றும் காதில் விழுகின்றன. இங்குள்ள குழந்தை ஒன்று, தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று எழுத்துமுறைகளைக் கண்ணால் பழக நேரலாம். கேரளப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் வகுப்பில் இந்தியும் சேர்ந்துகொள்ளும்.

புள்ளி மறையும் இடம்

பார்வை மங்கும்போது எழுத்து முழுவதும் ஒரேயடியாக மறைந்துவிடாது. சிறிய கோடுகளும் புள்ளிகளுமே முதலில் காணாமல் போகின்றன. தமிழில் 'க' என்பதையும் 'க்' என்பதையும் பிரிப்பது ஒரு புள்ளி. 'எ' என்பதற்கும் 'ஏ' என்பதற்கும் இடையே இருப்பது கீழே இழுக்கப்படும் ஒரு சிறு கோடு. 'ன', 'ண' இரண்டுக்கும் சுழியின் எண்ணிக்கையே வேறுபாடு. மலையாளத்தில் புள்ளியின் வேலையைச் செய்வது எழுத்தின் மேல் இடப்படும் சந்திரக்கலா என்ற சிறு பிறை. பின் வரிசையில் அமர்ந்திருக்கும் கிட்டப்பார்வைக் குழந்தைக்கு இவை எதுவும் தெரியாது. ஆனால் விடைத்தாளைத் திருத்துபவருக்குத் தென்படுவது மொழிப் பிழை மட்டுமே.

இந்த இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. அதே சொற்களைப் புத்தகத்தில் அருகில் வைத்துப் படிக்கச் சொன்னால் பிழையின்றிப் படிக்கும் குழந்தை, கரும்பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் தவறு செய்தால், அது மொழியின் சிக்கலாக இருக்க வாய்ப்புக் குறைவு. இது மருத்துவச் சோதனைக்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்குப் போதுமான காரணம் மட்டுமே.

குழந்தைகள் தாமாக வந்து குறையைச் சொல்லாததற்குக் காரணம் பயமோ வெட்கமோ மட்டுமல்ல. பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்த ஒருவருக்கு, மற்றவர்களின் கண்ணுக்கு உலகம் வேறு மாதிரி தெரிகிறது என்பதே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாத குறையை எப்படிச் சொல்வது? அதனால் அது வாயால் வெளிப்படாமல் நடத்தையால் வெளிப்படுகிறது. பலகை அருகே அடிக்கடி எழுந்து செல்வது, கண்களைச் சுருக்குவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, பந்து விளையாட்டைத் தவிர்ப்பது, பத்து நிமிடம் படித்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்கையை விட்டு நழுவுவது ஆகியவை அத்தகைய அடையாளங்கள்.

'நன்றாகத் தெரிகிறது' என்று சொல்லும் கண்

கிட்டப்பார்வையைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஏமாற்றுவது தூரப்பார்வை. குழந்தையின் விழிலென்ஸ் மிகவும் நெகிழ்வானது என்பதால், தூரப்பார்வைக் குறையை அது தன் முயற்சியாலேயே ஓரளவு ஈடுகட்டிவிடும். சுவரில் மாட்டிய அட்டையின் கடைசி வரிவரை அந்தக் குழந்தை படித்துவிடலாம். ஆனால் புத்தகத்தை அருகில் வைத்து நீண்ட நேரம் படிக்கும்போது அந்த முயற்சியைத் தொடர முடிவதில்லை. நிறைகுடத்தை நீட்டிய கையில் பிடித்திருப்பதைப் போன்றது இது. தூக்க முடியாமல் இல்லை, தொடர்ந்து வைத்திருக்கத்தான் முடியவில்லை. தலைவலி வருகிறது, வரிகள் தவறுகின்றன, புத்தகம் மூடப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பலாகவோ கவனச்சிதறலாகவோ தோன்றுகிறது.

அமெரிக்காவில் 4, 5 வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, கண்ணாடியால் சரிசெய்யப்படாத தூரப்பார்வை கொண்ட குழந்தைகள் எழுத்தறிவின் தொடக்கத் திறன்களில் பின்தங்கியிருந்ததைக் காட்டியது. கிட்டத்தில் பார்க்கும் திறனும் குறைந்திருந்தவர்களிடம் இந்தப் பின்னடைவு தெளிவாக இருந்தது.

இரண்டு கண்களும் சேர்ந்து இயங்குவதில் ஏற்படும் கோளாறுகள் இன்னொரு வகை. அருகிலுள்ள எழுத்தைப் படிக்க இரு கண்களும் உள்நோக்கி ஒரே புள்ளியில் குவிய வேண்டும். அந்தக் குவிதல் பலவீனமாக இருந்தால் எழுத்துகள் இரட்டையாகத் தெரியும், அசைவதுபோலத் தோன்றும். தமிழ்நாட்டில் நகர, கிராமப்புறப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 900 மாணவர்களிடம் சென்னை சங்கர நேத்ராலயாவுடன் தொடர்புடைய ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 30 சதவீதத்தினரிடம் இத்தகைய ஏதோ ஒரு கோளாறு காணப்பட்டது. அவற்றுள் குவிதல் குறைபாடே முதன்மையானது. இவர்களில் பலருக்குத் தூரப்பார்வை அளவு முற்றிலும் சரியாக இருக்கக்கூடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சோம்பேறிக் கண் எனப்படும் குறைபாட்டில் காலமே முக்கியம். ஒரு கண்ணில் அதிக பவர் இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, மூளை அந்தக் கண்ணின் படத்தை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் நம்பத் தொடங்குகிறது. ஏழெட்டு வயதுக்குள் கண்டறிந்தால் கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தும் பெருமளவு மீட்க முடியும். அதன் பின்னரும் சிலருக்குப் பலன் கிடைக்கிறது, ஆனால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்ற பழைய நம்பிக்கை எத்தனையோ குழந்தைகளின் இந்தக் காலத்தைத் தின்றிருக்கிறது.

சோதனை நடக்கிறது, ஆனால்...

2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பார்வைக் குறை உள்ளிட்ட சோதனைகள் செய்யப்பட வேண்டும். மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. உதவிபெறாத தனியார் பள்ளிகள் இந்த வட்டத்துக்குள் வருவதில்லை. எல்லைக் கிராமங்களில் ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் சேர்க்கப்பட்ட குழந்தையின் கண் சோதனை பெரும்பாலும் பெற்றோரின் பொறுப்பாகவே நின்றுவிடுகிறது.

பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியரே முதற்கட்டச் சோதனை செய்யும் முறையும் நாட்டில் நீண்ட காலமாக உள்ளது. 6 மீட்டர் தொலைவில் அட்டையை வைத்து, 6/9 அளவிலான எழுத்தையோ குறியையோ படிக்க முடியாதவர்களை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். செலவு குறைந்த, நல்ல முறைதான். ஆனால் இது தூரத்தை மட்டுமே அளக்கிறது. தூரப்பார்வைக் குறையும் குவிதல் குறைபாடும் இந்த வலையின் கண்ணிகள் வழியே எளிதாக நழுவிவிடும். வரிசையில் நிற்கும் குழந்தைகள், முன்னால் நின்றவர் சொன்னதைக் கேட்டு அட்டையை மனப்பாடம் செய்துவிடுவதும் உண்டு. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னால் விரலிடுக்கு வழியே நல்ல கண்ணால் பார்த்துவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் சோம்பேறிக் கண் மறைந்தே போகும். விரல்களுக்குப் பதிலாக ஒரு தடித்த அட்டையால் மூடுவது இதைத் தடுக்கும்.

'முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறோம்' என்பது பள்ளிகளில் அடிக்கடி கேட்கும் தீர்வு. கிட்டப்பார்வைக் குழந்தைக்கு அது தற்காலிக உதவி. தூரப்பார்வை உள்ளவருக்கோ, கண்கள் குவியாதவருக்கோ முன் பெஞ்சால் எந்தப் பயனும் இல்லை.

கண்ணாடி எதைச் செய்யும், எதைச் செய்யாது

சீனாவின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் சுமார் 20 ஆயிரம் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து, கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கிய ஆய்வு 2014இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்களின் கணித மதிப்பெண் உயர்ந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்ற மாணவர்களின் வாசிப்பு முதல் ஆண்டில் சற்று மேம்பட்டது. படிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. ஆனால் இரண்டாம் ஆண்டில் அந்த முன்னேற்றம் அதே அளவில் நீடிக்கவில்லை.

படிப்பு வராத குழந்தைக்கெல்லாம் கண்தான் காரணம் என்று எண்ணுவதும் தவறு. எழுத்துகளை ஒலிகளோடு இணைப்பதில் சிரமப்படும் டிஸ்லெக்சியா மூளையின் மொழிச் செயல்பாட்டோடு தொடர்புடையது, கண்ணாடியால் குணமாகாது. கவனக்குறைவு - மிகைச்செயல்பாட்டுக் கோளாறு உள்ளவர்களிடம் குவிதல் குறைபாடு அதிகம் காணப்படுவதை 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சுட்டியது. ஆயினும் ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்குகிறது என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. கண் பயிற்சிகள் குவிதலைச் சீராக்கும், ஆனால் அதனால் மட்டும் படித்துப் பொருள் உணரும் திறன் கூடிவிடவில்லை என்று 2019இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. வண்ணக் கண்ணாடி அணிந்தால் படிப்பு வரும் என்று விற்கப்படுபவற்றுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் கண் மருத்துவர்களின் அமைப்பும் ஆதரவு தரவில்லை. எனவே கற்றல் குறைபாடு என்று முடிவுகட்டும் முன் பார்வையையும் கேட்புத் திறனையும் சோதித்துவிடுவதே முறையான வரிசை.

கோட்டுக்கு இருபுறமும்

பாறசாலை தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனை, அவற்றுக்கு மேல் திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலக் கண் மருத்துவ நிலையம் என்பது கேரளப் பக்க வழி. தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டத்தைத் தமிழக அரசு 2009இல் தொடங்கியது. வீடு ஒரு மாநிலத்திலும் பள்ளி இன்னொரு மாநிலத்திலும் இருக்கும் குழந்தைக்கு, பள்ளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தின் குழுவே சோதனைக்கு வரும். ஆனால் குடும்பம் சிகிச்சைக்குச் செல்வது மறுபக்கமாக இருக்கலாம். அப்போது முந்தைய பவர் சீட்டு கையில் இல்லையென்றால், பவர் கூடுகிறதா குறைகிறதா என்பதே தெரியாமல் போகும். அந்தச் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைப்பது நல்லது.

கண்ணாடி கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. மகாராஷ்டிரத்தின் புனே மாவட்டக் கிராமப்புறங்களில், பள்ளித் திட்டத்தின்கீழ் கண்ணாடி பெற்ற சுமார் ஆயிரம் பேரைச் சில மாதங்கள் கழித்து ஆய்வாளர்கள் மீண்டும் பார்த்தபோது, அதை அணிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம் மட்டுமே. சிறு வயதில் போட்டால் கண் மேலும் கெட்டுவிடும் என்ற அச்சமும், பெண் குழந்தைக்கு வரன் அமையாது என்ற பேச்சும், வகுப்பில் நண்பர்களின் கேலியும், உடைந்தால் மாற்ற ஆகும் செலவும் கண்ணாடியை அலமாரிக்கு அனுப்புகின்றன. முதல் இரண்டிலும் உண்மை இல்லை. சரியான பவர் கொண்ட கண்ணாடி கண்ணைக் கெடுப்பதில்லை. சோம்பேறிக் கண் உள்ள குழந்தைக்கோ அதை அணியாமல் விடுவதே கேடு.

மருத்துவமனையில் குழந்தைகளின் கண்ணில் சொட்டு மருந்து இட்டுச் சோதிக்கும்போது சில பெற்றோர் பதறுகின்றனர். விழிலென்ஸின் முயற்சியைத் தற்காலிகமாக நிறுத்தி உண்மையான பவரை அளப்பதற்காகவே அது இடப்படுகிறது. தூரப்பார்வையைக் கண்டறிய இதுவே நம்பகமான வழி. இட்ட மருந்தைப் பொறுத்துச் சில மணி நேரமோ சில நாட்களோ அருகிலுள்ள எழுத்து மங்கலாகத் தெரியும், வெயிலில் கண் கூசும். மறுநாள் பள்ளியில் தேர்வு இருந்தால், சோதனையை வேறொரு தேதிக்கு மாற்றித் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.