எட்டுப் பெண்மக்களும் ஒரு மரண சாதனமும்

நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தாய்வழிப் பாட்டனார் றொபேர்ட் ஆர்டன் 1556 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் திகதி தமது மரண சாதனத்தை எழுதுவித்தார். டிசம்பர் 16 ஆம் திகதி அது மெய்ப்பிக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்று வாரங்களில் அவர் உயிர் நீத்துவிட்டார்.

இங்கிலாந்தில் ஸ்ட்ரட்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள வில்ம்கோட் கிராமத்தவர் அவர். பிரபுக்களுக்குக் கீழே, கூலி உழவர்களுக்கு மேலே, சொந்தக் காணியும் ஏர்மாடுகளும் உடைய விவசாயிகளை அந்நாட்டில் ‘யோமன்’ என்பர். ஆர்டன் இவ்வகையினர். எட்டு எருதுகளும், பசுக்களும், ஆடுகளும், தேனீக்களும் அடங்கிய அவரது அசையும் சொத்துக்களின் மொத்தப் பெறுமதி 77 பவுண் 11 சிலிங் 10 பென்ஸ் என மதிப்பிடப்பட்டது.

அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, பெண்மக்கள் எண்மர். மரண சாதனம் எழுதாது இறந்திருப்பின், அந்நாட்டுப் பொதுச் சட்டப்படி அவரது சொந்தக் காணி எட்டுச் சம பங்குகளாகப் பிரிந்திருக்கும். ஆயின் 1540 ஆம் ஆண்டுச் சட்டம் காணியையும் விரும்பியவருக்கு எழுதிவைக்கும் உரிமையை இத்தகையோருக்கு வழங்கியிருந்தது. வாரிசுகளின் பங்குகள் வரையறுக்கப்பட்டு, மூன்றிலொன்றுக்கு மேல் வஸிய்யத் செய்யவியலாத இஸ்லாமிய முறைக்கு இது நேர்மாறானது. இலங்கைக்கு 1844 ஆம் ஆண்டின் மரண சாதனக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்ததும் ஏறக்குறைய இதே சுதந்திரந்தான்.

ஆர்டன் எல்லாவற்றையும் மரணப் படுக்கைக்கு ஒத்திவைத்தவர் அல்லர். 1550 ஆம் ஆண்டிலேயே ஸ்னிட்டர்பீல்டில் இருந்த காணியை இரண்டு உறுதிகள் மூலம் ஆறு பெண்மக்களுக்கு எழுதிவிட்டார். தமக்கும் இரண்டாம் தாரமான ஆக்னெசுக்கும் அதில் சீவிய உரித்தை வைத்துக்கொண்டார். நம்மவர் பிள்ளைகளுக்கு நன்கொடை உறுதி எழுதும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

இந்த உறுதிகளில் இடம்பெறாதிருந்த கடைசி மகள் மேரிக்கு, வில்ம்கோட்டில் உள்ள ‘அஸ்பீஸ்’ எனும் காணியை, விதைத்திருந்த பயிரோடு சேர்த்து மரண சாதனத்தில் எழுதினார். ரொக்கமாக 6 பவுண் 13 சிலிங் 4 பென்சும் கொடுத்தார். மணமாகாதிருந்த மற்றொரு மகள் அலிசுக்குக் கடன் போக எஞ்சும் பொருட்களில் மூன்றிலொரு பங்கு. இவ்விருவரையுமே சாதனத்தை நிறைவேற்றுவோராகவும் நியமித்தார். மனைவியை நியமிக்கவில்லை.

அதற்கான காரணத்தை மனைவி பற்றிய வாசகமே காட்டுகிறது எனலாம். ஆக்னெஸ் முதற் கணவரின் பிள்ளைகளோடு வந்த விதவை. அவருக்கும் 6 பவுண் 13 சிலிங் 4 பென்ஸ் ஒதுக்கப்பட்டது. ஆனால் அவர் விதவையாக இருக்கும் காலத்தில், பண்ணை வழக்கப்படி ஆர்டன் வைத்திருந்த வில்ம்கோட் காணியின் பாதியை அலிஸ் அமைதியாக அனுபவிக்க விடவேண்டும் என்பது நிபந்தனை. விடாவிட்டால் அத்தொகை 3 பவுண் 6 சிலிங் 8 பென்சாக, அதாவது சரிபாதியாகக் குறையும். ஸ்னிட்டர்பீல்ட் சீவிய உரித்தில் மட்டும் கைவைக்கவில்லை. சிற்றன்னையும் மூத்தாளின் மகளும் ஒரே கூரையின் கீழ் எப்படி வாழப்போகிறார்கள் என்ற தகப்பனின் அச்சம் இங்கு பணக் கணக்காக மாறியிருக்கிறது. வற்புறுத்தவோ சமாதானம் பேசவோ தாம் இருக்கப்போவதில்லை என்பதை அறிந்த ஒருவர் வேறென்ன செய்ய முடியும்? தம் பங்கில் ஏர்மாடில்லாத ஒவ்வொரு வீட்டுக்கும் 4 பென்ஸ் கொடுக்கும்படி எழுதவும் அவர் மறக்கவில்லை.

மேரி, தந்தையின் குத்தகைக்காரர் ஒருவரின் மகனான ஜோன் ஷேக்ஸ்பியரை மணந்தார். 1578 இல் கணவர் பண நெருக்கடிக்குள்ளாகவே, அஸ்பீஸ் காணி 40 பவுணுக்கு ஈடு வைக்கப்பட்டது. ஈடு பிடித்தவர் அந்நியரல்லர். மேரியின் தமக்கை ஜோனின் கணவர் எட்மன்ட் லம்பேர்ட். 1580 இல் மீட்க முயன்றபோது வேறு கடன்களைக் காட்டி அவர் மறுத்துவிட்டார். அவர் இறந்த பின்னர் அவருடைய மகன் மீது 1588 இலும் 1597 இலும் வழக்குத் தொடுக்கப்பட்டது. காணி மேரியின் குடும்பத்துக்குத் திரும்பவேயில்லை.