இரண்டாவது தடவையும் கேளுங்கள்

ராக், ராப் என வேகம் மிகுந்த ஆல்பத்தை முதல் தடவை கேட்கும்போது காதில் முந்தி விழுவது ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும்தான். சொற்கள் பின்தங்கிவிடும். "ஒரே இரைச்சல்" என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

தமிழ் ராப்பையே எடுத்துக்கொள்வோம். நம்ம கோயம்புத்தூர்க்காரர் ஆதி ஜீவாவோடு சேர்ந்து அமைத்த 'ஹிப்ஹாப் தமிழா' கூட்டணி, 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்தை வெளியிட்டது. சினிமாவைச் சாராத முயற்சி அது. மலேசியாவில் யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் 2006-லேயே தமிழ் ராப்புக்கு வழி திறந்திருந்தது.

இத்தகைய ஆல்பத்தை மறுபடி கேட்டால் வேறொன்று புலப்படும். ராப்பில் மெட்டைவிடச் சொல்லுக்கே வேலை அதிகம். வரிகளின் இயைபுச் சொற்கள் தாளத்தின் அழுத்தத்தில் சரியாக வந்து இறங்கும். எதுகை, மோனையில் ஊறிய தமிழுக்கு இது புதிதல்ல.



புதிய ஆல்பம் எதுவானாலும் முதலில் முழுதாகக் கேளுங்கள். அடுத்த முறை சொற்களை மட்டும் பின்தொடருங்கள். அதன்பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.